கோபால்ட் டூ ஆக்சைடு: அந்த ‘டூ’ ஃபார்முலாவில் எங்கே போனது?

பிறை அப்பா (இரவு 10.15)

எல்லோருக்கும் வணக்கம். மகள் நான்காம் படிவம். நேற்று வேதியியல் பயிற்சித்தாள் திருத்தி வந்தது, பத்துக் கேள்வியில் நான்கு தப்பு, நான்குமே கோபால்ட். அழுதுகொண்டே வந்து தாளை என் மடியில் போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் எஸ்பிஎம்மில் (ஐந்தாம் படிவத் தேர்வு) கலைப் பிரிவு, இப்போது கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், கோபால்ட் என்றால் நீலச் சாயம் என்ற அளவுக்குத்தான் தெரியும். இருந்தாலும் தாளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கும் குழப்பம்தான் வருகிறது.

முதல் கேள்வி கோபால்ட் டூ ஆக்சைடு. அடைப்புக்குறிக்குள் ரோமன் இரண்டு போட்டிருக்கிறது. ‘டூ’ இருக்கிறதே என்று இவள் கோபால்ட் 2, ஆக்சிஜன் 1 என்று எழுதியிருக்கிறாள். அதை அடித்துவிட்டு ஆசிரியர் கோபால்ட் 1, ஆக்சிஜன் 1 என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்த 2 எங்கே?

இரண்டாவது கோபால்ட் டூ குளோரைடு. இங்கே விடை கோபால்ட் 1, குளோரின் 2. அதாவது இங்கே 2 இருக்கிறது, ஆனால் கோபால்ட்டுக்குக் கீழே இல்லை, குளோரினுக்குக் கீழே இருக்கிறது. ஒரே ‘டூ’ ஒரு இடத்தில் காணாமல் போகிறது, இன்னொரு இடத்தில் பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

மூன்றாவதுதான் எனக்குக் கோபம். கோபால்ட் டூ கார்பனேட். இவள் எழுதியது சரியான எழுத்துகள்தான், சரியான வரிசைதான், கடைசியில் 3 கூடப் போட்டிருக்கிறாள். ஆனால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டாளாம், அதற்காகப் பூஜ்யம். பாதி மதிப்பெண்ணாவது போடக் கூடாதா? ஆங்கிலப் பாடமா இது?

நான்காவது ஒரு கணக்கு. கோபால்ட் குளோரைடு, நடுவில் ஒரு புள்ளி, அப்புறம் 6 தண்ணீர். மோலார் நிறை, அதாவது ஒரு மோல் எத்தனை கிராம் என்று கேட்டிருக்கிறார்கள். இவளுக்கு 14,040 வந்திருக்கிறது, விடை 238 என்று போட்டிருக்கிறது. எங்கே தப்பு என்றே புரியவில்லை.

யாராவது தமிழில், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். நான் புரிந்துகொண்டால் அவளுக்குச் சொல்லிவிடுவேன்.

செந்தூல் டியூஷன் டீச்சர் (இரவு 10.52)

அண்ணே, முதலில் மகளை அழவேண்டாம் என்று சொல்லுங்கள். நான் பதினைந்து வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன், இந்த நான்கு தப்பையும் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஒரே தாளில் நான்கும் பார்ப்பதுதான் கொஞ்சம் அபூர்வம்.

அந்த ரோமன் எண் எத்தனை கோபால்ட் என்று சொல்வதில்லை. ஒவ்வொரு கோபால்ட்டும் எத்தனை எலக்ட்ரானைக் கையை விட்டுக் கொடுத்திருக்கிறது என்று சொல்கிறது. காசாக நினைத்துக்கொள்ளுங்கள். கோபால்ட் டூ என்றால் ஒரு கோபால்ட் கையில் 2 ரிங்கிட். ஆக்சிஜன் ஒன்றின் விலை 2 ரிங்கிட், குளோரின் ஒன்றின் விலை 1 ரிங்கிட். ஒரு கோபால்ட் கடைக்குப் போனால் ஆக்சிஜன் ஒன்று வாங்கலாம், கணக்கு முடிந்தது, மீதி இல்லை. அதே காசுக்குக் குளோரின் இரண்டு கிடைக்கும். ‘டூ’ எங்கேயும் தொலையவில்லை அண்ணே, கோபால்ட்டின் பையில்தான் இருக்கிறது. ஃபார்முலாவில் நாம் எழுதுவது வாங்கிய சாமான் பட்டியல் மட்டும்.

இப்படியே மற்றதையும் போடச் சொல்லுங்கள். சல்ஃபேட் 2 ரிங்கிட், அதனால் கோபால்ட் சல்ஃபேட் ஒன்றுக்கு ஒன்று. கார்பனேட்டும் அப்படியே. நைட்ரேட் 1 ரிங்கிட், அதனால் இரண்டு வேண்டும், அந்த நைட்ரேட் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்து வெளியே 2 போட வேண்டும். ஹைட்ராக்சைடும் அதே மாதிரி. ஃபாஸ்ஃபேட்தான் கொஞ்சம் சுற்ற வைக்கும். விலை 3, கையில் 2, சரியாக வராது. அதனால் மூன்று கோபால்ட் சேர்ந்து 6 ரிங்கிட்டுக்கு இரண்டு ஃபாஸ்ஃபேட் வாங்குகின்றன. ஓவியர்கள் கோபால்ட் ஊதா என்று வாங்குகிற நிறம் அதுதான்.

ஏன் கோபால்ட்டுக்கு மட்டும் இந்த ரோமன் எண், சோடியத்துக்கு இல்லையே என்று கேட்பாள். சேர்மங்களில் சோடியத்தின் பையில் எப்போதும் 1, துத்தநாகத்தின் பையில் எப்போதும் 2, சொல்லவே வேண்டாம். கோபால்ட் அப்படி இல்லை, ஒரு நாள் 2, ஒரு நாள் 3. கோபால்ட் ஆக்சைடு என்று மட்டும் சொன்னால் எந்த ஆக்சைடு என்று தெரியாது. கறுப்பாக ஒரு ஆக்சைடு இருக்கிறது, கோபால்ட் 3, ஆக்சிஜன் 4. போட்டுப் பாருங்கள், ஆக்சிஜன் நான்கின் விலை 8. மூன்று கோபால்ட் எப்படி 8 கொடுக்கும்? ஒன்று 2 கொடுக்கிறது, மற்ற இரண்டும் ஆளுக்கு 3. அதனால் அதன் பெயரில் இரண்டு ரோமன் எண்களும் வரும், கோபால்ட் டூ கமா த்ரீ ஆக்சைடு என்று. மண்பாண்டம் சுடுகிறவர்கள் இந்தக் கறுப்புத் தூளைத்தான் மெருகில் கலக்கிறார்கள், சூளையிலிருந்து வெளியே வரும்போது நீலமாக இருக்கும்.

உங்கள் கையில் இருக்கும் போனும் ஒரு பயிற்சிக் கணக்குதான். நிறைய போன் பேட்டரிகளில் இருப்பது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, லித்தியம் 1, கோபால்ட் 1, ஆக்சிஜன் 2. ஆக்சிஜனின் பில் 4 ரிங்கிட், லித்தியம் எப்போதும் 1. கோபால்ட் எவ்வளவு கொடுத்தது என்று அவளையே கேளுங்கள். (1980இல் குட்இனஃப் குழுவினர் ஆக்ஸ்ஃபோர்டில் பேட்டரிக்கு இது சரிப்பட்டு வரும் என்று காட்டினார்கள், 2019இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் கிடைத்தது.)

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அந்தப் பூஜ்யம் நியாயம்தான் அண்ணே, நானும் பூஜ்யம்தான் போட்டிருப்பேன். கோபால்ட்டின் குறியீடு பெரிய சி, சின்ன ஓ. இரண்டும் சேர்ந்து ஒரே ஆள். ஓவையும் பெரிதாகப் போட்டால் அது இரண்டு ஆள், கார்பன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று. மகள் எழுதியதை அப்படியே எண்ணிப் பாருங்கள்: கார்பன், ஆக்சிஜன், கார்பன், ஆக்சிஜன் 3. மொத்தம் கார்பன் 2, ஆக்சிஜன் 4. கோபால்ட் கார்பனேட்டில் கோபால்ட்டே இல்லை! அதற்கு எப்படிப் பாதி மதிப்பெண் போடுவது?

ஆனால் நம் பிள்ளைகள் இதில் ஏன் விழுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒன்று கிடையாது. நான் இங்கே ‘சிஓ’ என்று எழுதினால் அது கோபால்ட்டா கார்பன் மோனாக்சைடா என்று உங்களால் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு நேரமும் ‘கோபால்ட் 1, குளோரின் 2’ என்று நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு எழுத்தின் உயரம் ஒரு அலங்காரம் மாதிரிதான் தோன்றும். என் வகுப்பில் சின்ன ஓவைக் கோட்டைத் தொட்டுக்கொண்டு, சி யின் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் எழுத வைப்பேன். ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

கடைசிக் கணக்கு. அந்தப் புள்ளி பெருக்கல் குறி இல்லை, ‘கூட’ என்று அர்த்தம். ஒரு கோபால்ட் குளோரைடு, கூட ஆறு தண்ணீர். கோபால்ட் 59, குளோரின் இரண்டு 71, சேர்த்தால் 130. தண்ணீர் ஆறு 108. கூட்டினால் 238. மகள் 130ஐ 108ஆல் பெருக்கியிருக்கிறாள், அதுதான் 14,040. பெருக்கல் மட்டும் சரியாகப் போட்டிருக்கிறாள், அதற்கு நான் பாராட்டுகிறேன்.

இதையே திருப்பியும் கேட்பார்கள். இளஞ்சிவப்புப் படிகம் 2.38 கிராம் எடுத்து நன்றாகச் சூடாக்கினால் நீலத் தூள் 1.30 கிராம் மிஞ்சுகிறது, எத்தனை தண்ணீர்? போனது 1.08 கிராம், தண்ணீர் ஒரு மோல் 18 கிராம், வகுத்தால் 0.06 மோல் தண்ணீர். மிஞ்சிய 1.30ஐ 130ஆல் வகுத்தால் 0.01 மோல். ஒன்றுக்கு ஆறு. இதை நாளைக்குக் காலையில் தாளைப் பார்க்காமல் போடச் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட் (இரவு 11.30)

பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, இப்போது பிரேக். டீச்சர் சொன்ன அந்த நீலம், இளஞ்சிவப்பு கதையை நான் தினமும் பார்த்தவன், அதனால் எட்டிப் பார்த்தேன்.

சிப் வருகிற அலுமினியப் பையைக் கிழித்தால் உள்ளே ஒரு சின்ன அட்டை இருக்கும், அதில் 5, 10, 60 என்று எழுதி மூன்று வட்டப் புள்ளிகள். காற்றில் எத்தனை விழுக்காடு ஈரம் என்று அந்த எண்கள். பழைய அட்டையில் அந்தப் புள்ளிகள் கோபால்ட் குளோரைடுதான். நீலமாக இருந்தால் காய்ந்திருக்கிறது, இளஞ்சிவப்பானால் ஈரம் புகுந்துவிட்டது, அப்புறம் அந்தப் பாகங்களைப் பெரும்பாலும் ஓவனில் போட்டு எடுத்துத்தான் லைனுக்கு அனுப்புவோம். ஐரோப்பாவில் கோபால்ட் குளோரைடைக் கவலைக்குரிய பொருள்கள் பட்டியலில் போட்ட பிறகு கோபால்ட் இல்லாத அட்டைகள் வர ஆரம்பித்தன. அதில் ஒரு வகை காய்ந்திருந்தால் பழுப்பு, ஈரமானால் நீலம். பத்து வருடம் ‘நீலம் என்றால் ஓகே’ என்று பழகிய கண்ணுக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. முதல் வாரம் நானே இரண்டு பையைத் தப்பாக ஓகே பண்ணிவிட்டு லீடரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பள்ளியில் மலாயில் கெர்தாஸ் கோபால்ட் குளோரிடா கொந்தாங் என்று ஒரு தாள் கொடுப்பார்களே, தண்ணீரைச் சோதிக்க, அதுவும் இதே சமாச்சாரம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மழைக்காலத்தில் ஜாடியைத் திறந்து இடுக்கியால் எடுப்பதற்குள் பாதித் தாள் ஊதா நிறமாகிவிடும். இலையில் ஒட்டி நீராவிப்போக்கு காட்ட வேண்டும், அதற்குள் பினாங்குக் காற்றே காட்டிவிடும். ஆசிரியர் பன்சன் அடுப்புக்கு மேலே தாளை அப்பளம் மாதிரிக் காட்டிக் காட்டி நீலமாக்கிக் கொடுப்பார். அப்போது பார்த்தது, ஒரு ஓரத்திலிருந்து நீலம் அப்படியே ஊர்ந்து வரும், கையை எடுத்தால் மறுபடி இளஞ்சிவப்பு பின்னாலேயே துரத்தும்.

கொந்தாங் என்றால் வேறொன்றும் இல்லை, தண்ணீர் இல்லாதது, டீச்சர் சொன்ன 130. ஜார்ஜ்டவுனில் லீத் தெருவில் அந்த நீல மாளிகை இருக்கிறதே, அதுவும் இதே கோபால்ட் நீலம்தான், மகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள் அண்ணே.

ஆறாம் படிவம் தாண்டியவன் (இரவு 11.58)

நைட் ஷிப்ட் அண்ணே, அட்டைக் கதை அருமை, ஆனால் நீல மாளிகை கோபால்ட் இல்லை. அது அவுரி, சுண்ணாம்போடு கலந்து பூசியது. கோபால்ட் பார்க்க வேண்டுமானால் பழைய நீல வெள்ளைப் பீங்கானைத்தான் பார்க்கணும், வெள்ளை மண்ணில் கோபால்ட் மையால் வரைந்து மேலே மெருகு போட்டுச் சுட்டது.

தங்கச்சிக்கு இப்போது தேவையில்லை, ஆனால் பிற்பாடு ஆறாம் படிவம் போனால் கோபால்ட் மறுபடி வந்து நிற்கும், அப்போது பயப்படாமல் இருக்க ஒரு விஷயம் சொல்கிறேன். எனக்கு எஸ்டிபிஎம்மில் (ஆறாம் படிவத் தேர்வு) பிடித்த ஒரே பகுதி அது.

கோபால்ட் த்ரீ குளோரைடோடு அம்மோனியா சேர்ந்த உப்புகள் சில இருக்கின்றன. 6 அம்மோனியா இருந்தால் மஞ்சள், 5 என்றால் ஊதாச் சிவப்பு, 4 என்றால் பச்சை, அதே 4 இன்னொரு ஊதாவிலும் வரும். அந்தக் காலத்தில் இவற்றுக்கு நிறத்தை வைத்தே பெயர் வைத்திருந்தார்கள், லூட்டியோ, பர்ப்பூரியோ, பிரேசியோ, வயலியோ என்று. என் தாத்தா தோட்டத்தில் மாடு வைத்திருந்தபோது செவலை, மயிலை, காரி என்று கூப்பிட்டாரே, அதே முறைதான். நிறம் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது.

இதில் வெர்னர் என்று ஒருவர் சூரிக்கில் இருந்தார், 1893இல் சொன்னார், எல்லாக் குளோரினும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை என்று. வெள்ளி நைட்ரேட் ஊற்றினால் மஞ்சளில் மூன்று குளோரினும் வெள்ளை வீழ்படிவாக இறங்குகின்றன, ஊதாச் சிவப்பில் இரண்டுதான், பச்சையில் ஒன்றுதான். மீதி எங்கே? கோபால்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. கோபால்ட்டைச் சுற்றி ஆறு நாற்காலி, அம்மோனியா குறைந்தால் அந்த நாற்காலியில் குளோரின் உட்காரும். உட்கார்ந்தவர்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதணும், வெளியே நிற்பவர்கள் வெளியே. அந்த 4 அம்மோனியா சமாச்சாரத்தில் இரண்டு குளோரின் எதிரெதிர் நாற்காலியில் இருந்தால் பச்சை, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தால் ஊதா. 1913இல் வெர்னருக்கு நோபல்.

பெயர் எழுதும்போது ஹெக்சாஅம்மின்கோபால்ட் த்ரீ குளோரைடு என்று வரும். ஆங்கிலத்தில் அந்த அம்மினுக்கு இரண்டு எம், ஒரு எம் போட்டால் வேறு குடும்பம். எழுத்துப் பிரச்சினை அங்கேயும் விடாது! மொத்தமும் எதிர்மின் அயனியானால் கோபால்ட் பெயரே கோபால்டேட் என்று மாறிவிடும். கோபால்ட் 1, குளோரின் 4 அப்படித்தான். கையில் 2, பில் 4, இரண்டு ரிங்கிட் கடனோடு நிற்கிறது, அதனால் இரண்டு எதிர்மின்சுமை. அதுவும் நல்ல நீலம்.

அப்புறம் டீச்சர் சொன்ன பெரிய சி, சின்ன ஓ விஷயம். தங்கச்சிக்குப் புதிராகக் கொடுங்கள் அண்ணே: பெரிய சி, சின்ன ஓ, கீழே 2, அடைப்புக்குறி, பெரிய சி, பெரிய ஓ, அடைப்புக்குறியை மூடி 8. இது நிஜமாகவே இருக்கிற பொருள். இரண்டு எழுத்தும் ஒரே ஃபார்முலாவில் இரண்டு விதமாக வருகிறது.

பிறை அப்பா (மறுநாள், மாலை 6.40)

எல்லோருக்கும் நன்றி. காலையில் ரொட்டி சானாய் கடையில் வைத்தே ரிங்கிட் கணக்கைச் சொன்னேன், மேசையில் சில்லறையை அடுக்கி. இரண்டு நிமிடம்தான், ‘அப்பா, அப்படியானால் மூன்று ரிங்கிட் கோபால்ட் ஆக்சிஜன் வாங்கினால் மீதி ஒரு ரிங்கிட் இருக்குமே’ என்று அவளே கேட்டு, அவளே கோபால்ட் 2, ஆக்சிஜன் 3 என்று நாப்கினில் எழுதிவிட்டாள். போன் கணக்குக்கும் 3 என்று சரியாகச் சொன்னாள். 2.38 கிராம் கணக்கும் வந்தது. கார்பனேட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சிரித்துவிட்டாள்.

தம்பி கொடுத்த புதிரைக் கொடுத்தேன். கோபால்ட் 2, கார்பன் மோனாக்சைடு 8 என்று எழுத்தைப் பார்த்தே பிரித்துவிட்டாள். பெயரைப் போனில் தேடினால் டைகோபால்ட் ஆக்டாகார்பனைல் என்று வருகிறது. இப்போது அவள் கேட்கிற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பெயரில் ரோமன் எண்ணே இல்லையே, ஏன்? இரண்டு கோபால்ட் இருப்பது மட்டும் ‘டை’ என்று பெயரிலேயே வந்துவிட்டதே, நேற்று ‘டூ’ என்றால் எண்ணிக்கை இல்லை என்றார்களே என்கிறாள்.

இன்னொன்று. கிடங்கில் நீல மணி போட்ட சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடக்கிறது, வீட்டில் தோசைக்கல்லில் சூடு பண்ணி நிறம் மாறுவதைப் பார்க்கலாமா என்கிறாள்.

செந்தூல் டியூஷன் டீச்சர் (மாலை 7.25)

தோசைக்கல் வேண்டவே வேண்டாம் அண்ணே. அந்த நீல மணியில் இருப்பது கோபால்ட் குளோரைடுதான், வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள், சமையல் பாத்திரத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பொட்டலத்தைக் கிழிக்காமல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து ஜன்னலோரம் விட்டால் போதும், ஓரிரு நாளில் தானாகவே இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும். சூடு பண்ணி நீலமாக்குவது பள்ளி ஆய்வுக்கூடத்தில்.

கேள்வி நல்ல கேள்வி. ‘டை’யும் ‘டூ’வும் வேறு வேறு. டை, ட்ரை, டெட்ரா, ஹெக்சா, ஆக்டா என்று கிரேக்கத்தில் வருவது தலை எண்ணிக்கை, அது நிஜமாகவே இரண்டு கோபால்ட், எட்டு கார்பனைல் (இங்கே கார்பன் மோனாக்சைடுக்கு அந்தப் பெயர்). ரோமன் எண் பைக்காசு. அந்த 238 உப்பின் முழுப்பெயரான கோபால்ட் டூ குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டில் வருகிற ஹெக்சாவும் தலை எண்ணிக்கைதான், ஆறு தண்ணீர்.

இந்தப் பொருளில் கார்பன் மோனாக்சைடு தனியாக மின்சுமை எதுவும் இல்லாத முழு மூலக்கூறு, அது கோபால்ட்டிடம் காசு கேட்பதே இல்லை. அதனால் கோபால்ட்டின் பையிலிருந்து போனது பூஜ்யம். முறைப்படி எழுதும்போது கடைசியில் அடைப்புக்குறிக்குள் பூஜ்யம் போடுவதுண்டு, ஆனால் அதை மட்டும் நாம் வழக்கமாக எழுதுகிற எண்ணில்தான் போடுவார்கள்.

ரோமன் எண்ணில் பூஜ்யம் கிடையாதே.